என்எஃப்எல்லின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் யார்? ஃபிரிட்ஸ் போலார்ட் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் 1989இல் வந்த ஆர்ட் ஷெல் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறீர்கள். இன்னோரிடத்தில், 1921லேயே ஃபிரிட்ஸ் போலார்ட் என்று போட்டிருந்தது. எது சரி என்பது முதல் கேள்வி. போலார்ட் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, இல்லை 'முதல் ஆள்' ஒருவர் வேண்டும் என்பதற்காகப் பிற்காலத்தில் தேடிப் பிடித்து உயர்த்தப்பட்டவரா என்பது இரண்டாவது. உங்கள் மனதில் உறுத்துவது இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. நியாயமான சந்தேகம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இது. 1921 என்பதே சரி. ஷெல் 'நவீன காலத்தின்' முதல்வர். அந்த அடைமொழியை விட்டுவிட்டு எழுதினால் தவறாகிவிடும். போலார்டின் ஆட்டத் திறமைக்கான சாட்சியங்கள் 1916லும் 1920லும் எழுதப்பட்டவை. அவரைப் பெருமைப்படுத்த எந்தக் காரணமும் இல்லாத வெள்ளை இனப் பத்திரிகைக்காரர்கள் எழுதியவை. அந்த நாளில் ஒரு கறுப்பின வீரரை உயர்த்திப் பேசி யாருக்கும் எந்த லாபமும் கிடைக்காது.

பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களை வைத்து வரலாறு எழுதும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். களத்தில் இறங்கிப் பயிற்சி கொடுத்தவன் இல்லை. ஆகவே ஒருவரின் ஓட்டத்தில் இருந்த நுணுக்கத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, எந்தத் தகவலுக்கு ஆதாரம் இருக்கிறது, எது வாய்வழியாக வந்தது என்று சொல்வதில் என்னை நம்பலாம். போலார்ட் விஷயத்தில் இந்தப் பிரிப்பு ரொம்பவே தேவை. அவர் 92 வயது வரை வாழ்ந்தார், வயதான காலத்தில் நிறையப் பேட்டி கொடுத்தார், கதை சொல்வதில் வல்லவர். இன்று அவரைப் பற்றிச் சுற்றிவருவதில் கணிசமான பகுதி அவரே சொன்னது.

சிகாகோவின் வடகோடியில் இருக்கும் ராஜர்ஸ் பார்க் பகுதியில் 1894 ஜனவரி 27 அன்று பிறந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் ஜெர்மன் பேசும் குடும்பங்கள் அதிகம், அவர்கள் வாயில் அது ஃபிரிட்ஸ் ஆகி நிலைத்துவிட்டது. அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், அம்மா தையல் வேலை செய்தவர். அந்த வட்டாரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் எல்லாரும் படிப்பிலும் விளையாட்டிலும் முன்னுக்கு வந்தார்கள். அண்ணன் ஒருவர் டார்ட்மத் கல்லூரிக்கு ஆடினார், அக்கா நவோமி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். ஃபிரிட்ஸ் லேன் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால், பேஸ்பால், ஓட்டம் மூன்றிலும் பெயர் வாங்கினார். பிறகு சில கல்லூரிகளில் கால் வைத்தும் நிலைக்காமல், 1915இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அப்போது ஃபுட்பால் என்றாலே கல்லூரி ஃபுட்பால்தான். காசுக்கு ஆடுவது மட்டமான வேலையாகப் பார்க்கப்பட்டது. கல்லூரிகளுக்குள்ளும் ஹார்வர்டு, யேல் இரண்டும் அசைக்க முடியாத உயரத்தில் இருந்தன. 1916 நவம்பரில் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பிரவுன் அணி யேலை 21-6 என்றும் ஹார்வர்டை 21-0 என்றும் வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் பந்தை எடுத்து ஓடும் ஹாஃப்பேக்காக ஆடிய போலார்ட்தான் செய்தித்தாள்களின் தலைப்பில் இருந்தார். அந்த வருட முடிவில் வால்ட்டர் கேம்ப் தன்னுடைய அகில அமெரிக்க அணியில் அவரைச் சேர்த்தார். இந்த விளையாட்டின் விதிகளையே பெரும்பாலும் வகுத்தவர் கேம்ப், அவர் வருடாவருடம் போடும் பட்டியல்தான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அங்கீகாரம். அதில் பந்தை எடுத்து ஓடும் பின்வரிசை இடத்தில் ஒரு கறுப்பின வீரர் வந்தது அதுதான் முதல் முறை. கறுப்பின வீரர் என்ற அளவில் முதல்வர் அவர் இல்லை. ஹார்வர்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ் 1892, 1893 வருடங்களிலேயே முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் இடத்தில் தேர்வாகியிருந்தார். பல கட்டுரைகளில் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

யேல், ஹார்வர்டு வெற்றிகளுக்குச் சில மாதங்கள் முன்னால், 1916 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிரவுன் அணி வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியோடு ஆடியது. இன்று ரோஸ் பௌல் என்று அழைக்கப்படும் ஆட்டம் அது. 1902இல் ஒரு முறை நடத்தி, பிறகு ரத ஓட்டம் போன்றவற்றுக்கு மாறி, மறுபடி ஃபுட்பாலுக்குத் திரும்பிய வருடம். போலார்ட் அதில் ஆடிய முதல் கறுப்பின வீரர். ஆனால் அது அவருடைய நல்ல நாள் இல்லை. மழை கொட்டி மைதானம் சேறாகிக் கிடந்தது. வேகத்தையும் சட்டென்று திரும்புவதையும் நம்பி ஆடும் ஒருவருக்கு அதைவிட மோசமான தரை கிடையாது. பிரவுன் 14-0 என்று தோற்றது. 'ரோஸ் பௌலில் ஆடிய முதல் கறுப்பினத்தவர்' என்று எழுதுகிறவர்கள் அங்கே ஜொலித்தார் என்ற எண்ணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை.

இந்தக் காலத்தைப் பற்றி இன்னொரு கதையையும் நீங்கள் படித்திருப்பீர்கள். யேல் ரசிகர்கள் அவரைச் சீண்ட, கறுப்புப் பறவைக்கு விடைகொடுக்கும் ஒரு பிரபலப் பாட்டைக் கூட்டமாகப் பாடினார்கள் என்ற கதை. போலார்டே சொன்னதாகப் பல இடங்களில் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டு வெளிவந்ததே 1926இல்தான். அவர் யேலுக்கு எதிராக ஆடி முடித்துப் பத்து வருடம் கழித்து. கூட்டம் அவரைக் கேவலமாகப் பேசியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்கு வேறு சான்றுகள் உண்டு. வேறு ஏதோ ஒரு பாட்டு, முதுமையின் நினைவில் பிற்காலப் பாட்டோடு கலந்திருக்கலாம். இப்படிப்பட்ட விவரங்களை அப்படியே எடுத்தாளாமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஒரு தேதி தவறாகப் போனால், நடந்த அவமதிப்பே பொய் என்று சொல்ல ஆள் காத்திருக்கிறது.

படிப்பில் பின்தங்கியதால் கல்லூரி அணியில் மேற்கொண்டு ஆட முடியவில்லை. முதல் உலகப் போர் வந்தது. மேரிலாந்தின் கேம்ப் மீடு ராணுவ முகாமில் ஒய்எம்சிஏ வழியாக உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார். பென்சில்வேனியாவில் கறுப்பின மாணவர்களுக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1918 முதல் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1921க்கு வரும்போது அவர் பயிற்சி கொடுப்பதில் புதியவர் இல்லை.

1919இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகர அணி அவரைக் கூப்பிட்டது. ஆக்ரன் அப்போது டயர் நகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென்மாநில வெள்ளையர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறியிருந்தார்கள். 1920களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அந்த ஊரில் பெரிய சக்தியாக வளர்ந்தது. மற்ற வீரர்களோடு உடை மாற்றும் அறையில் போலார்டால் உடை மாற்ற முடியவில்லை. அணி உரிமையாளர்களில் ஒருவரான ஃபிராங்க் நீட் வைத்திருந்த சுருட்டுக் கடையில் ஜெர்சியை மாட்டிக்கொள்வார். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு அங்கிருந்து காரில் மைதானத்துக்குக் கொண்டுபோவார்கள். சொந்த ஊர் அணிக்கே இப்படி என்றால் வெளியூர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் உயரம் 5 அடி 9 அங்குலம், எடை சுமார் 165 பவுண்டு, அதாவது 75 கிலோ. எதிரே முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் 200 பவுண்டுக்கு மேல். அந்தக் கால விதிப்படி பந்தோடு விழுந்தவன் பிடிபடாவிட்டால் மறுபடி எழுந்து ஓடலாம். ஆகவே விழுந்தவன் மேல் எல்லாரும் பாய்ந்து அமுக்குவது வழக்கமாகவே இருந்தது. ஒரு கறுப்பின வீரர் அடியில் கிடந்தால் முழங்காலும் முட்டியும் எங்கே இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, விழுந்த நொடியே மல்லாக்கப் புரண்டு, இரண்டு கால்களையும் சைக்கிள் மிதிப்பதுபோல் மேல்நோக்கி வேகமாகச் சுழற்றுவது. பாய நினைப்பவன் ஷூவின் ஆணிகளைப் பார்த்து யோசிப்பான். தலைக் கவசம் கட்டாயமில்லாத காலம். அது 1943இல்தான் கட்டாயமானது. தாக்குதல், தடுப்பு என்று தனித்தனி ஆட்களும் கிடையாது. ஒரே ஆள் இரண்டுக்கும் நின்று முழு ஆட்டமும் ஆட வேண்டும். 75 கிலோ உடம்போடு இதை அவர் ஏழெட்டுப் பருவங்கள் தாக்குப்பிடித்தார் என்பதே என்னைப் பொறுத்தவரை அவர் திறமைக்கு ஒரு சான்று.

1920 செப்டம்பர் 17 அன்று ஒஹாயோவின் கேன்டன் நகரில், ரால்ஃப் ஹேயின் கார் விற்பனை நிலையத்தில் சில அணிகளின் பிரதிநிதிகள் கூடி ஒரு லீக்கைத் தொடங்கினார்கள். வீரர்கள் வாரம் ஒரு அணிக்குத் தாவுவதையும் சம்பளம் ஏறிக்கொண்டே போவதையும் கட்டுப்படுத்துவது நோக்கம். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களை வேறு பெயரில் ஆடவைப்பதையும் நிறுத்த நினைத்தார்கள். பெயருக்கு, அன்றைய நட்சத்திர வீரர் ஜிம் தார்ப்பைத் தலைவராக்கினார்கள். சேர்க்கைக் கட்டணம் 100 டாலர் என்று அறிவித்தார்கள், யாருமே கட்டவில்லை என்று அந்தக் கூட்டத்தில் இருந்த ஜார்ஜ் ஹாலஸே பிற்காலத்தில் சொன்னார். 1922இல் இந்த லீக் தேசிய ஃபுட்பால் லீக், அதாவது என்எஃப்எல் என்று பெயர் மாறியது. தன் வரலாற்றை அது 1920லிருந்தே கணக்கிடுகிறது. '1921இல் என்எஃப்எல்லே இல்லையே, பிறகு எப்படி முதல் பயிற்சியாளர்' என்று சிலர் வாதாடுவதற்கு இதுதான் பதில்: 1921ஐத் தள்ளினால் அந்த வருடச் சாம்பியனையும் தள்ள வேண்டும்.

அந்த முதல் பருவத்தில் ஆக்ரன் அணி எட்டு ஆட்டங்களில் வென்றது, மூன்றைச் சமன் செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பருவம் முழுக்க எதிரணிகள் அவர்களுக்கு எதிராக எடுத்த மொத்தப் புள்ளிகள் ஏழு. ஜிம் தார்ப்பின் கேன்டன் புல்டாக்ஸை இரண்டு முறை வென்றார்கள், இரண்டிலும் தார்ப்பின் அணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. டிசம்பரில் பஃபலோவோடும், சிகாகோவில் ஹாலஸின் டிகேட்டர் ஸ்டேலிஸோடும் ஆடிய கடைசி இரண்டும் 0-0. அப்போது இறுதிப் போட்டி என்று எதுவும் கிடையாது. 1921 ஏப்ரலில் கூட்டம் போட்டு, வாக்கெடுத்து ஆக்ரனைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். போலார்ட் அந்த அணியின் முக்கியமான தாக்குதல் ஆட்டக்காரர். அந்த வருடம் ராக் ஐலண்ட் ஆர்கஸ் என்ற பத்திரிகை வெளியிட்ட சிறந்த வீரர்கள் பட்டியலில் ஹாஃப்பேக் இடத்தில் முதல் அணியிலேயே அவர் பெயர் இருக்கிறது. ராக் ஐலண்டும் அந்த லீக்கில் ஆடிய ஊர்தான். போட்டி ஊரின் பத்திரிகை அப்படி எழுதியது என்பதால் இதை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் சேர்க்கத் தொடங்கியது 1932இல்தான். அதனால் போலார்ட் எத்தனை யார்டு ஓடினார், ஓர் ஓட்டத்துக்குச் சராசரி எவ்வளவு என்று யாராவது துல்லியமாக எழுதினால் எச்சரிக்கையாக இருங்கள். செய்தித்தாள் வர்ணனைகளிலிருந்து டச்டவுன்களை, அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்ததைக், கிட்டத்தட்ட எண்ணலாம், யார்டுகளை எண்ண முடியாது. பின்னாளில் வந்த ரெட் கிரேஞ்ச் போன்ற நட்சத்திர ஓட்டக்காரர்களோடு எண் வைத்து ஒப்பிட வழியே இல்லை. அவர் காலத்து அணிகளுக்கு எதிராக, அவர் காலத்து மனிதர்கள் கண்ணுக்கு அவர் முதல் வரிசை வீரர். அதற்கு மேல் யாராவது தரவரிசை போட்டால் அது ஊகம்.

சரி, பயிற்சியாளர் விஷயம். 1920இல் ஆக்ரனின் பயிற்சியாளராகப் பதிவில் இருப்பவர் எல்ஜி டோபின். அவரும் அணியில் ஆடியவரே. 1921இல் டோபினோடு சேர்த்து போலார்டும் பயிற்சியாளர். கேன்டனில் இருக்கும் தொழில்முறை ஃபுட்பால் புகழரங்கம் அவரை அந்த வருடத்தின் இணைப் பயிற்சியாளர் என்றே குறிப்பிடுகிறது. இது உறுதி. உறுதியில்லாதது, அதற்கு முன்பே உண்மையான தலைமை யாரிடம் இருந்தது என்பது. ஆக்ரன் அணி பழைய பாணியில் ஆடிக்கொண்டிருந்தது, பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆட்ட உத்திகளை நான்தான் அங்கே கொண்டுவந்தேன், நடைமுறையில் தொடக்கத்திலிருந்தே நான் சொன்னபடிதான் ஆடினார்கள் என்று போலார்ட் சொன்னார். நம்பத் தகுந்த கூற்றுதான், ஆனால் சொன்னவர் அவரே. அதனால் 1921 இணைப் பயிற்சியாளர் என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. 1920 தலைமைப் பயிற்சியாளர் என்று எழுதினால் விவாதம் வரும்.

'இணைப் பயிற்சியாளர்தானே, முழுப் பயிற்சியாளர் இல்லையே' என்று இதைக் குறைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் மனதில் இருப்பது இன்றைய பயிற்சியாளர்: ஹெட்செட் மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு நகர்வையும் சொல்லி அனுப்புகிறவர். அன்றைக்கு அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து யோசனை சொல்வது விதிமீறலாகக் கருதப்பட்டது. பெஞ்சிலிருந்து பயிற்சி சொல்ல என்எஃப்எல் அனுமதித்ததே 1944இல்தான். அடுத்து என்ன ஆடுவது என்று களத்துக்குள் நிற்கிறவர்கள்தான் முடிவெடுத்தார்கள். ஆகவே களத்தில் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்த ஒருவருக்குக் கிடைத்த அதிகாரம் பெயரளவானது இல்லை. 1921இல் ஒரு கறுப்பினத்தவர் சொன்னபடி வெள்ளை வீரர்கள் ஒரு சாம்பியன் அணியில் ஆடினார்கள். இந்த முழுக் கதையிலும் என்னை இன்றும் வியக்கவைப்பது இதுதான், இதைச் சின்ன எழுத்தில் போட்டுத் தாண்டிப்போகிறார்களே என்று ஆதங்கமாகவும் இருக்கிறது.

அதே வருடம் அவர் ஆக்ரனுக்கு அழைத்துவந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். பால் ரோப்சன். பின்னாளில் உலகம் அறிந்த பாடகர், நடிகர், உரிமைக் குரல். ரட்கர்ஸ் கல்லூரியின் அகில அமெரிக்க வீரரான அவர், கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே வாரக் கடைசிகளில் வந்து ஆடினார். 1922இல் இருவரும் மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணிக்குப் போனார்கள். பிறகு போலார்ட் இண்டியானாவின் ஹாமண்ட் அணிக்கும், பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க ஊரான கில்பர்டனின் அணிக்கும் ஆடினார். கில்பர்டன் என்எஃப்எல்லில் இல்லை, தனி வட்டார லீக். 1925இல் ப்ராவிடன்ஸ் ஸ்டீம் ரோலர், மறுபடி ஆக்ரன். 1926 பருவத்தின் நடுவில் ஆக்ரன் அவரை விடுவித்தது, அத்தோடு என்எஃப்எல் வாழ்க்கை முடிந்தது. ஹாமண்ட் அணியைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சின்ன அணி, வெற்றி குறைவு, ஆனால் 1920களில் லீக்கில் ஆடிய கறுப்பின வீரர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த அணிக்கு ஆடியவர்கள். அவர்களில் ஒருவர் போலார்டின் பிரவுன் தோழர் ஜே மேயோ வில்லியம்ஸ். ப்ளூஸ் இசைத்தட்டு உலகில் பெரும் தயாரிப்பாளராக அவரை இசை ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் காலத்தைச் சுற்றி இரண்டு கூற்றுகளை நீங்கள் பார்ப்பீர்கள். ஒன்று, ஓர் ஆட்டத்துக்கு 1,500 டாலர் வாங்கினார் என்பது. பெரும்பாலான வீரர்கள் 100 டாலர் அளவில் வாங்கிய காலம் அது. அவர் நட்சத்திரம், மற்றவர்களைவிட அதிகம் வாங்கியிருப்பார், ஆனால் 1,500ஐ வழக்கமான சம்பளமாக நான் எழுத மாட்டேன். இன்னொன்று, 1923இல் ஹாமண்டில் அவர் முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார் என்பது. அந்த இடத்தில் ஆடினார் என்று வைத்துக்கொண்டாலும், அன்றைய குவார்ட்டர்பேக் வேறு, தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் இன்றையவர் வேறு. அன்று பல அணிகளில் பந்தை நேராக வாங்கி ஓடுவதும் எறிவதும் டெயில்பேக் என்ற பின்வரிசை வீரரின் வேலை. குவார்ட்டர்பேக் பெரும்பாலும் தடுப்பதற்கும் சங்கேதம் சொல்வதற்கும்தான். எறிவதுகூட, பந்து கிளம்பும் கோட்டுக்கு ஐந்து யார்டாவது பின்னால் நின்றுதான் எறிய வேண்டும் என்ற விதி 1933 வரை இருந்தது. நவீனப் பொருளில் முதல்வர் யார் என்று கேட்டால் 1953இல் சிகாகோ பேர்ஸுக்கு இறங்கிய வில்லி த்ரோவரையும், 1968இல் டென்வருக்குத் தொடர்ந்து ஆடிய மார்லின் பிரிஸ்கோவையும் சொல்வார்கள். போலார்டுக்கு இந்தப் பட்டமும் தேவையே இல்லை என்பது என் கருத்து.

பிறகு ஏன் 1989 என்ற வருடம் எல்லார் வாயிலும் இருக்கிறது? இடையில் கதவு சாத்தப்பட்டது. 1926இல் 22 அணிகள் இருந்த லீக் அடுத்த வருடம் 12 ஆகச் சுருங்கியது. சின்ன ஊர் அணிகள் போனதோடு கறுப்பின வீரர்களின் இடங்களும் போயின. 1931 வரை ஆடிய டியூக் ஸ்லேட்டர் பல பருவங்களில் லீக்கின் ஒரே கறுப்பின வீரராக இருந்தார். 1933இல் ஜோ லில்லார்டும் ரே கெம்ப்பும் ஆடினார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. 1946இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி, பொதுப் பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆட இடம் கேட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நெருக்கிய பிறகுதான் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் உள்ளே வந்தார்கள்.

இந்தப் பன்னிரண்டு வருடத் தடைக்கு எழுத்தில் விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்களுக்குள் வாய்மொழி உடன்பாடு இருந்ததா என்பதில்தான் சர்ச்சை. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் விரல் நீட்டுவது ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷலை நோக்கி. 1932இல் பாஸ்டன் அணியோடு லீக்குக்குள் வந்து, 1937இல் அதை வாஷிங்டனுக்கு மாற்றியவர். கூட்டாட்சி அரசு மைதானத்தைக் காட்டி மிரட்டிய பிறகு 1962இல்தான், எல்லா அணிகளுக்கும் கடைசியாக, கறுப்பின வீரர்களை எடுத்தவர். போலார்ட் கடைசி வரை சிகாகோ பேர்ஸ் உரிமையாளர் ஹாலஸையும் குற்றம் சாட்டினார், ஹாலஸ் மறுத்தார். இருவரும் சிகாகோவில் வளர்ந்து ஒரே களத்தில் மோதியவர்கள், சொந்த மனக்கசப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. 1939இல் நாட்டிலேயே அதிக யார்டு சேர்த்த கல்லூரி வீரர் கென்னி வாஷிங்டன். அப்படிப்பட்டவரைக்கூட எந்த அணியும் எடுக்கவில்லை என்றால், தற்செயலாக நடந்தது என்று என்னால் ஏற்க முடியாது.

போலார்ட் சும்மா இருக்கவில்லை. 1928இல் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் என்று முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணியை உருவாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1935 முதல் நியூயார்க்கில் பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயரைத் தாங்கிய அணி. வெள்ளை அணிகளோடு ஆடி, சேர்ந்து ஆடினால் கலவரம் எதுவும் வராது என்று காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. முதலீட்டு நிறுவனம் நடத்தினார், அது பொருளாதார மந்தத்தில் மூழ்கியது. பத்திரிகை நடத்தினார், கலைஞர்களுக்கு ஏஜென்ட்டாக இருந்தார், வரி ஆலோசகரானார். மகன் ஃபிரிட்ஸ் ஜூனியர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். இதெல்லாம் தனியே எழுத வேண்டியவை.

1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் ஆர்ட் ஷெல்லைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது, போலார்ட் ஆக்ரனில் கடைசியாக ஆடி 63 வருடங்கள் ஆகியிருந்தன. அவர் இறந்து மூன்று வருடம். ஷெல்லின் நியமனம் சின்ன விஷயம் இல்லை. நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்கள் வந்துபோன அத்தனை காலத்திலும் ஒருவருக்குக்கூட வாய்ப்பு தரப்படவில்லை என்பதையும் அது காட்டியது. ஆகவே இரண்டு வருடங்களையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால்தான் குழப்பம்.

'பிற்காலத்தில் தூக்கிவிடப்பட்டவரா' என்ற உங்கள் சந்தேகத்துக்கு, புகழரங்கத்தின் தேதிகளையே பாருங்கள். கல்லூரி ஃபுட்பால் புகழரங்கம் அவரை 1954லேயே சேர்த்துக்கொண்டது. தொழில்முறைப் புகழரங்கம் 1963இல் திறந்தபோது முதல் தொகுதியில் 17 பேர், அதில் தார்ப், கிரேஞ்ச், ஹாலஸ் மட்டுமல்ல, மார்ஷலும் இருந்தார். போலார்டை அங்கே சேர்த்தது 2005இல், இறந்து 19 வருடம் கழித்து. எண்கள் இல்லாதது ஒரு காரணம், வாக்களித்த பத்திரிகையாளர்களில் அவர் ஆடியதைப் பார்த்தவர் கிட்டத்தட்ட யாருமே இல்லாதது இன்னொன்று. டியூக் ஸ்லேட்டர் இன்னும் தாமதமாக 2020இல்தான் நுழைந்தார். இந்தத் தலைமுறையைப் பற்றி மேலும் படிக்க நினைத்தால் அடுத்து அவரிடமிருந்து தொடங்குங்கள். பத்துப் பருவங்கள் ஆடிய லைன்மேன், அதே நேரத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கி, பின்னாளில் சிகாகோவில் நீதிபதியானவர்.